பதினான்காவது இடம் யாருக்கு?

பந்தை உயர்த்தும் 64 டிகிரி வெட்ஜ், சில சமயம் ஸ்கோரையும் உயர்த்திவிடுகிறது

கோல்ஃப் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1938இல் வந்த இந்த விதி இன்றும் அசையாமல் நிற்கிறது. மீறினால் குழிக்கு இரண்டு ஸ்ட்ரோக் வீதம், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு ஸ்ட்ரோக் அபராதம். எனவே புதிய மட்டைக்கு ஆசைப்படுகிறவர், உள்ளே இருப்பதில் எதை வெளியேற்றுவது என்றும் முடிவு செய்தாக வேண்டும்.

இந்தச் சங்கடம் முற்றுவது 64 டிகிரி வெட்ஜ் விஷயத்தில்தான். மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே லாஃப்ட். தூரம் அடிக்கும் டிரைவருக்கு அது சுமார் 10 டிகிரி. மணலிலிருந்து மீட்கும் சாண்ட் வெட்ஜுக்கு 54 முதல் 56. லாப் வெட்ஜுக்கு 58 முதல் 60. 64 என்றால் முகம் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருக்கிறது. நன்றாக அடிபட்ட பந்து செங்குத்தாக எழும்பி, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

சாய்வின் மீதான மோகம் புதிதல்ல. 1932இல் ஜீன் சரசன் தன் மட்டையின் அடிப்பாகத்தில் உலோகம் சேர்த்து உருவாக்கிய சாண்ட் வெட்ஜுடன் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். நாசாவில் பணியாற்றிய டேவ் பெல்ஸின் யோசனைப்படி 1980 வாக்கில் 60 டிகிரி மட்டையைக் கையில் எடுத்த டாம் கைட், 1981இல் அமெரிக்கச் சுற்றின் பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். ஃபில் மிக்கெல்சன் 64 டிகிரி மட்டையையே பையில் வைத்து ஆடியிருக்கிறார். 2010இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மட்டைகளில் உள்ள கோடுகளின் கூர்மைக்குக் கட்டுப்பாடு வந்தது. புல்லிலிருந்து அடிக்கும் பந்தில் சுழற்சி குறைந்ததால், உயரத்தைக் கொண்டு பந்தை நிறுத்தும் மட்டைகளுக்கு மவுசு கூடியது.

ஆனால் அவர்கள் தினமும் பல மணி நேரம் பயிற்சி செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரின் கதை வேறு. விசையின் பெரும்பகுதி உயரத்துக்கே போய்விடுவதால், 30 கெஜம் அடிக்கக்கூட மட்டையை நீளமாக வீச வேண்டும். வீச்சு நீளமானால் பிழையும் பெரிதாகும். கொஞ்சம் மேலே பட்டால் பந்து தரையோடு பாய்ந்து கிரீனைத் தாண்டிவிடும். அடர்ந்த புல்லில் மட்டை பந்தின் அடியில் நழுவினால், பந்து காலடியிலேயே விழும்.

தரையும் முக்கியம். ஈரமான மெத்தைப் புல்லில் எளிதாகத் தெரியும் இந்த அடி, கோடையில் இறுகிப்போன சமவெளி மைதானங்களில் கத்தி மேல் நடப்பதுதான். அடிப்பாகம் தடித்த மட்டை கெட்டித் தரையில் துள்ளும். மெலிந்தது மண்ணுக்குள் குத்திக்கொள்ளும். சென்னை நந்தனத்தில் ஆடுகிறவருக்கும் ஊட்டியின் மேடு பள்ளங்களில் ஆடுகிறவருக்கும் ஒரே மட்டை பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இந்திய உதாரணங்கள் யோசிக்க வைக்கின்றன. கொல்கத்தா மைதானப் பராமரிப்பாளரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரு ஆண்டுகளும் இந்தியன் ஓப்பனை வென்றார். கிரீனைச் சுற்றிய நுணுக்கத்துக்காக 'சிப்-பட்-சியா' என்றே செல்லப் பெயர் பெற்றவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த பெங்களூர் அதிதி அசோக், களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். தூரம் குறைவாக அடிப்பவர்கள் கிரீனை எட்ட ஃபேர்வே வுட், ஹைப்ரிட் போன்ற நீள மட்டைகளை அதிகம் நம்ப வேண்டும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு 64ஐ வைத்தால், ஆபத்துக்கு உதவ வந்த மட்டையே ஆபத்தை வரவழைக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு காலத்தில் 50 டிகிரி வரை இருந்த பிட்ச்சிங் வெட்ஜ், இன்று பல செட்டுகளில் 43, 45 என்று நிமிர்ந்துவிட்டது. அதற்கும் 56க்கும் நடுவே பத்து டிகிரிக்கு மேல் இடைவெளி. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த ஓட்டையை அடைக்கும் 50 டிகிரி மட்டைதான். அது முழு வீச்சில் பயன்படும், தினமும் பயன்படும்.

முடிவெடுக்கச் சுலபமான வழி, பத்துச் சுற்றுகளுக்கு ஒரு குறிப்பு எழுதுவது. பந்து பங்க்கரைத் தாண்ட வேண்டும், கொடியோ அதை ஒட்டியே இருக்கிறது என்ற நிலை எத்தனை முறை வந்தது? அதில் 56 டிகிரி எத்தனை முறை கைவிட்டது? வெளியேற்ற நினைக்கும் மட்டை எத்தனை முறை கை கொடுத்தது? சுற்றுக்கு இரண்டு முறையாவது தேவைப்பட்டு, வாரம் ஒரு மணி நேரம் அந்த ஒரு அடிக்கே ஒதுக்க முடிந்தால் 64 தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்ளும்.

இல்லையென்றால், கையில் உள்ள 56இன் முகத்தைக் கொஞ்சம் திறந்து வைத்து ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம். அதற்குச் செலவில்லை; பையிலிருந்து எதையும் வெளியே எடுக்கவும் வேண்டாம்.