கையடக்கத் தொலைபேசியும் ஆண்களின் மலட்டுத்தன்மையும்

"மிஸ், அவர் எந்த நேரமும் போனைக் காற்சட்டைப் பைக்குள்ளதான் வைச்சிருப்பார். அதனாலதான் எங்களுக்குப் பிள்ளை இல்லையா?"

கண்டி நகரிலும் கலஹா, தெல்தோட்டைப் பக்கங்களிலும் பெண்களைச் சந்திக்கும்போது அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர் திருமணமாகி நான்கைந்து வருடமானவராக இருப்பார். 'மலடி' என்ற பட்டத்தை ஊரார் ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். யுத்தத்தில் பெற்றாரை இழந்து, வன்னியிலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த சகோதரிகளுக்கோ போய் அழுவதற்குத் தாய்வீடும் இல்லை.

கேள்வி அர்த்தமற்றதல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 361 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போன் பாவித்தவர்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் பிள்ளையில்லை என்று சிகிச்சைக்கு வந்தவர்கள். அதை வைத்து எல்லா ஆண்களையும் பற்றி முடிவு சொல்ல இயலாது.

சுவிற்சர்லாந்தில் 18 முதல் 22 வயது வரையான 2,886 இளைஞர்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவு கூடுதல் தெளிவைத் தருகிறது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போன் பாவிக்காதவர்களிடம் ஒரு மில்லிலீற்றரில் 56.5 மில்லியன் விந்தணுக்கள். நாளுக்கு 20 தடவைக்கு மேல் பாவித்தவர்களிடம் 44.5 மில்லியன். குறைவுதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் குறிப்பிட்ட கீழெல்லை 16 மில்லியனே. அசைவிலும் வடிவத்திலும் வித்தியாசம் காணப்படவில்லை. காற்சட்டைப் பையில் வைத்ததாலும் வித்தியாசம் இல்லை.

ஹந்தானை மலைக் கோபுரங்களைக் காட்டிப் பயப்படுபவர்களும் உண்டு. தூரம் கூடக் கூட அலையின் வலிமை வேகமாகக் குறைந்துவிடும். சிக்னல் குறைந்த பள்ளத்து லயன்களில் பேசும்போது கையிலுள்ள போன்தான் கூடிய சக்தியை வெளியிடுகிறது. அதனால் போனைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பதில் நட்டமில்லை. ஆனால் குற்றம் முழுவதையும் அதன்மேல் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விதைப்பையில் நரம்பு புடைத்தல், பருவமடைந்தபின் வந்த கூவைக்கட்டு, புகைத்தல், மதுபானம் எனப் பல காரணங்கள். கணவர் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருந்து எப்போதாவது வீடு வருவதும் ஒரு காரணமே. மாதத்தில் கருத்தரிக்கக்கூடியவை ஆறு நாட்கள் மட்டும்தான்.

இருந்தும் நடப்பது என்ன? மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாய்க்கு மருந்து செலுத்தி எக்ஸ்ரே. நேர்த்திக்கடனும் அவள் தலையில்தான். கணவர் கொடுக்கவேண்டியதோ ஒரேயொரு விந்து மாதிரி. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. குறைபாடு தெரிந்தால் மூன்று மாதத்தின் பின் மறுபடி பார்ப்பார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் எடுக்கும்.

"எனக்கா குறை?" என்று கணவர் கோபப்படுவார் என்பதுதான் எல்லோருடைய பயமும். இந்த இடத்தில் போன் கதை உதவும் என்பது என் அபிப்பிராயம். பொய் சொல்லச் சொல்லவில்லை. "போனால் விந்தணு குறையலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, ஒருக்கா பார்த்துவிடுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். மானம் போகுமென்று நினைப்பவருக்கும் அது ஒரு வழியைத் திறந்துவிடும்.

சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடமாகியும் கருத்தரிக்காவிட்டால், உங்களுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ போகும் வழியை அவர் காட்டுவார். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் கட்டணமில்லை. முதல் நாளே இருவருமாகப் போங்கள். பழைய அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.