முள் பொய் சொல்லுதா?

அப்பாவோட பழைய மாருதி 800-ஐ எடுத்துட்டு காலேஜ் கிளம்பறீங்க. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் எகிறுது. கூடவே பெட்ரோல் முள்ளும் நகருது. இண்டிகேட்டர் போட்டா அந்தத் தாளத்துக்கு ரெண்டும் டான்ஸ்! ஸ்விட்ச் தட்டினா டேங்க்ல பெட்ரோல் கூடுமா என்ன?

உடனே மீட்டரை மாத்தக் கிளம்பிடாதீங்க. ரெண்டு மூணு முள் சேர்ந்து ஆடினா, எல்லாத்துக்கும் பொதுவான ஒரு இடத்தில்தான் கோளாறு. பெரும்பாலும் எர்த். கார்ல கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழியே பாடிதான். எர்த் வயர் முனையில் துரு ஏறினா தடை கூடும். லைட் அதிக கரண்ட் இழுத்ததும் மீட்டருக்கான வோல்ட்டேஜ் மாறி, முள் பொய் சொல்லும்.

இன்ஜினை அணைச்சு, பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டுங்க. முனைகளை உப்புத்தாளால் தேய்ச்சு இறுக்கமா மாட்டுங்க. டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற எர்த்தையும் பாருங்க. அப்புறம் மல்டிமீட்டர். இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 14 இருக்கணும். ஓடும்போதும் 12-லேயே நின்னா ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கவனிங்க.

ஆனா ஒண்ணு. எந்த ஸ்விட்சையும் தொடாம முள் மெல்ல மெல்ல சிவப்புக்கு ஏறினா அது நிஜச் சூடு. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சாலும் அப்படித்தான். ஓரங்கட்டி இன்ஜினை அணைங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பொய்யா, நிஜமான்னு சந்தேகமா? நிஜம்னே வெச்சுக்குங்க. நிறுத்தினா ஒரு கிளாஸ் போகும். நிறுத்தலைன்னா இன்ஜினே போயிடும்!