செம்மரத்தின் ஜெனீவா வழக்கு

காட்பாடியிலிருந்து திருப்பதி போகும் ரயில் சித்தூரைத் தாண்டிப் பாகாலா ஜங்ஷனில் நிற்கும். தர்மாவரம் பாதை பிரிவது இங்கேதான். இன்னும் கொஞ்ச தூரத்தில் சந்திரகிரி, அதையொட்டிச் சேஷாசலம் மலைத்தொடர். செம்மரம் தானாக முளைத்துக் காடாக நிற்பது, இந்த மலைகளையும் கடப்பா, நெல்லூர் பக்கத்துக் குன்றுகளையும் விட்டால், உலகில் ஏறக்குறைய வேறெங்குமில்லை.

வெட்டிய கட்டையின் வெளிறிய மேல்பகுதியைச் செதுக்கி எடுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பில் வைரம் தெரியும். சாண்டலின் என்ற நிறமி தரும் சிவப்பு அது. வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. வைரம் பாய்வதற்கோ பல பத்தாண்டுகள் வேண்டும். சில மரங்களில் ரேகை நேராக ஓடாமல் அலை அலையாக நெளியும். விலை எகிறுவது அந்த அலைக்குத்தான். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துக்கும், சீனாவில் அரச காலத்துப் பாணி மேசை நாற்காலிகளுக்கும் இந்த மரத்தைத் தேடுகிறார்கள்.

இந்த மரத்தின் கதையைப் புரிந்துகொள்ளத் தாவரவியல் மட்டும் போதாது. பன்னாட்டுப் பொருளியலையும் பன்னாட்டுச் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்படிச் சேர்த்துச் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்புகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் உலக வர்த்தக நிறுவனம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டம் தருகிறது. அந்த வகுப்பறையில் பாடமாக வைக்க நம் செம்மரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது என்றே நினைக்கிறேன்.

முதலில் பொருளியல். செம்மரத்தைப் பெரும் விலைக்கு வாங்குபவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், உள்ளூரில் தேவை சொற்பம். ஏற்றுமதிக்குத் தடை போட்டால் இங்கே விலை சரியும், அங்கே ஏறும். தடைக்குப் பதில் ஏற்றுமதி வரி விதித்திருந்தால் இந்த விலை இடைவெளி அரசு கஜானாவுக்குப் போகும். தடை விதித்தால் அதே பணம், மரத்தை எப்படியாவது எல்லை தாண்டவைப்பவனுக்குப் போகிறது. இடைவெளி பெரிதாகப் பெரிதாகத் துணிபவர்களும் பெருகுவார்கள். காட்டுக்குள் இறங்கிக் கோடாலி பிடிப்பவருக்கு அதில் கிடைப்பது மிகச் சிறிய பங்கு, ஆபத்தோ முழுக்க அவருக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமத்தார். விலை இடைவெளியைப் பற்றிப் பேசும்போது அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இனி சட்டம். ஏற்றுமதியை ஒரு நாடு தன் இஷ்டத்துக்குத் தடுக்க முடியாது. 1947-இல் எழுதப்பட்ட ‘காட்’ என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு வரியை அனுமதிக்கிறது, தடையைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதற்கு விலக்கு 20-ஆம் பிரிவில் இருக்கிறது: தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காப்பதற்காகத் தடுக்கலாம், ஆனால் உள்நாட்டிலும் அதற்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய சீனா இந்த விலக்கைக் காட்டித்தான் வாதாடியது, 2014-இல் தோற்றது.

சரி, மரம் ‘தீர்ந்துபோகும் வளம்’ ஆகுமா? வெட்டினால் மறுபடி முளைக்குமே? வியப்பான பகுதி இதுதான். ஆமைகள் தப்பிக்க வழி செய்யாத வலைகளில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் ஜெனீவாவில் வழக்குத் தொடுத்தன. நிலக்கரி, தாது போன்றவைதான் தீர்ந்துபோகும், உயிரினங்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கும் என்பது இந்தியத் தரப்பின் வாதங்களில் ஒன்று. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 1998 அக்டோபர் 12 அன்று அதை ஏற்கவில்லை. உயிருள்ளவையும் தீர்ந்துபோகலாம் என்றது. அதற்குச் சான்றாக, அருகிவரும் உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் கடல் ஆமைகளைத் தன் பட்டியலில் வைத்திருப்பதை எடுத்துக்காட்டியது. அமெரிக்கா நாடுகளிடையே பாரபட்சம் காட்டியதால் வழக்கு முடிவில் நமக்குச் சாதகமாகவே போனது. ஆனாலும் அன்று எந்த வாதத்தில் நாம் தோற்றோமோ, அதை மறுத்த விளக்கம்தான் இந்தியாவின் செம்மர ஏற்றுமதித் தடைக்கு இன்று அரணாக நிற்கிறது. மேல்முறையீட்டு அமைப்பே 2019 டிசம்பரிலிருந்து புதிய உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. அது தந்த விளக்கத்தை மட்டும் இன்றும் சட்ட மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செம்மரமும் 1995 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பதிவின் குறிப்பைக் கூர்ந்து படிக்க வேண்டும். கட்டை, சிராய், தூள், சாறு ஆகியவைதான் அதற்குள் வரும். இழைத்து முடித்த நாற்காலியோ இசைக்கருவியோ வராது. அதாவது, இழைப்பு வேலை எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் கண்ணில் பொருளே மாறிவிடுகிறது.

இதற்கு நடுவே பட்டா நிலத்தில் செம்மரம் நட்ட விவசாயி நெடுங்காலம் காத்திருந்தார். காட்டு மரத்துக்குப் போட்ட தடை அவர் நட்ட மரத்தையும் கட்டிப்போட்டது. 2019-இல்தான் தனியார் நிலத்தில் வளர்த்த மரத்தின் கட்டைகளை நிபந்தனைகளோடு ஏற்றுமதி செய்ய வழி திறந்தது. 2004 முதல் இந்தியச் செம்மர வர்த்தகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸும் 2023 நவம்பரில் அதை விலக்கிக்கொண்டது.

முறையான மரம் சந்தைக்கு வந்தால் விலை இறங்கும், கடத்தலில் லாபம் குறையும் என்பது பொருளியலின் ஒரு கணக்கு. அதே பொருளியலில் எதிர்க்கணக்கும் உண்டு: முறையான மரத்தின் பெயரில் திருட்டு மரமும் கப்பலேறலாம். எந்தக் கணக்கு பலிக்கும் என்பது, தோட்டத்துக் கட்டையையும் சேஷாசலத்துக் கட்டையையும் துறைமுகத்தில் பிரித்தறிய முடிகிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே இனம், ஒரே சிவப்பு. இப்போதைக்கு வித்தியாசம் காட்டுவது முக்கியமாக வனத்துறையின் சான்றிதழ்தான்.