லாலி பிரபுவும் புதுவை முற்றுகையும்

புதுச்சேரியில் 1758 ஏப்ரலில் வந்திறங்கிய பிரெஞ்சு சேனாதிபதி தாமஸ் ஆர்தர் லாலி, ஆங்கிலச் சிம்மாசனத்தை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் வம்சத்துக்கே விசுவாசம் பூண்டு, அதன்பொருட்டுத் தாய்நாட்டைத் துறந்து பிரான்ஸில் குடியேறிய அயர்லாந்துப் பிரபு குடும்பத்தின் புதல்வர். ‘ஜாக்கோபைட்’ எனப்பட்ட அப்பக்தி குறையாமல், 1745இல் போன்தெனுவாப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்துக் கீர்த்தி பெற்று, மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் ஜேம்ஸின் பேரர் இளவரசர் சார்லஸ் எட்வர்டுக்குத் துணை நின்றவர்.

வீரத்தில் குறைவற்ற அவருக்கு இத்தேசத்து ஆசாரங்களை மதிக்கும் பொறுமை மட்டும் வாய்க்கவில்லை. தஞ்சைப் படையெடுப்பின்போது கீழ்வேளூர்க் கோயில் அந்தணர்களை ஒற்றர்களென்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச்செய்த கொடுமையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அவரை முறியடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் கோட்டையும் பின்னர் வீழ்ந்தது. புதுவை முற்றுகையில் தானியம் அருகவே லாலி வெளியேற்றிய ஊர்மக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், ஆங்கிலப் படை வழிமறித்ததால் இரு சேனைகளுக்கும் நடுவே சிக்கி, புல்லின் வேர்களைப் பிடுங்கித் தின்று நாட்களைக் கழித்த பிறகே கூட் மனமிரங்கி வழிவிட்டார். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது.

பிரெஞ்சு மன்னரின் நலனைக் காட்டிக்கொடுத்தாரென்ற, உண்மைக்குப் புறம்பான குற்றச்சாட்டின்பேரில் 1766 மே 9 அன்று பாரிஸில், பேசவொட்டாமல் வாயை அடைத்து, அவரைச் சிரச்சேதம் செய்தனர். பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேரும் லாலியின் மகனும் விடாது வாதாடியதன் பயனாக 1778இல் அத்தீர்ப்பு ரத்தாயிற்று.