உளிமுனை – 9: காஞ்சிபுரத்து நால்வர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை, குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைச் சொல்பவற்றை, சென்ற வாரம் வாசித்தோம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. சபையார் பணிக்க அந்த ஏற்பாட்டை எழுதியவன் தன் பெயரைக் கல்லிலேயே விட்டுப் போயிருக்கிறான்: காடாடிப் போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப் பிரியன். ஆனால் வெயிலில் நின்று அத்தனை எழுத்தையும் வெட்டியவன் யார்? அந்தச் சுவரை எத்தனை முறை பார்த்தாலும் அவன் பெயரைத்தான் என் கண் தேடுகிறது.

கல் மறைத்ததைச் செம்பு காட்டிக் கொடுக்கிறது. அதற்கு அதிக தூரம் போக வேண்டாம், பக்கத்திலுள்ள காஞ்சிபுரம் போதும்.

1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு, பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு ராஜேந்திர சோழன் கொடுத்ததைச் சொல்வது. மொத்தம் 31 ஏடுகள். வடமொழிப் பகுதியைப் பாடிய நாராயணனின் பெயருக்குப் பிறகு வெட்டியவர்களின் பெயரும் வருகிறது: ஆராவமுது, ரங்கன், தாமோதரன், புருஷோத்தமன். நால்வரும் காஞ்சிபுரத்து ஹோவ்ய குலத்தவர், ஒரே குடும்பம். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் 21 ஏடுகளை, லெய்டன் செப்பேடு என்று அறியப்படுவதை, வெட்டியதும் இந்தக் குலத்தாரே. சிவன் கோயிலுக்கும் புத்தர் பள்ளிக்கும் ஒரே வீட்டு உளி!

இந்த வேலையின் கடினத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வடமொழிக்குக் கிரந்த எழுத்து, தமிழுக்குத் தமிழ் எழுத்து. கை இரண்டுக்கும் பழகியிருக்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. பொருள் தெரியாதவன் வெட்டினால் வரி குழம்பும். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வடமொழிப் பகுதி மட்டும் 271 வரி, தமிழ்ப் பகுதி 524 வரி. அதிலும் தமிழ்ப் பகுதி நிலத்தின் எல்லைகளைச் சொல்வது. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த மேட்டுக்குத் தெற்கு என்பதில் ஒரு சொல் பிசகினால் பின்னால் ஒரு வழக்கு. ஓலையில் எழுதியது தப்பானால் வேறு ஓலை எடுக்கலாம். செம்பில் தப்பினால் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்து, அதன்மேல் மறுபடி வெட்ட வேண்டும். அப்படித் தட்டித் திருத்திய இடங்கள் பழைய செப்பேடுகளில் உண்டு. அங்கே பழைய எழுத்தின் நிழல் புது எழுத்துக்கு அடியில் தெரியும்.

அரசனின் மெய்க்கீர்த்தியைவிட எனக்கு அந்த நிழல்தான் பெரிது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் கை நின்று, யோசித்து, திரும்ப வெட்டிய நொடி அது.

நம் பாத்திரக் கடைகளில் சீர்வரிசைக் குடத்தைத் தொடையில் அணைத்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணின் பெயர், தேதி, அன்பளிப்புக் கொடுத்தவர் பெயர் எல்லாம் வெட்டுவார். குடத்தில் எங்கும் தன் பெயரை வெட்டமாட்டார். இப்போது அந்த இடத்துக்கு மின்சார எந்திரம் வந்துவிட்டது.

காஞ்சிபுரத்து நால்வர் வெட்டி முடித்த ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயைச் சோழ முத்திரையால் அடைத்தார்கள். புலியும் இரட்டைக் கயலும் வில்லும் உள்ள அந்த முத்திரையை அடுத்த வாரம் பார்ப்போம்.