மணலில் புதையும் சக்கரம்

இராமேசுவரம் வரும் குடும்பங்கள் தனுஷ்கோடியைக் காணாமல் திரும்புவது அரிது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரின் தேவாலயச் சுவர்கள் இன்றும் மணல்வெளியில் நின்றுகொண்டிருக்கின்றன. முன்னாளில் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் தேங்கிய உப்புநீரிலுமாக உள்ளூர் வேன்களே மக்களை ஏற்றிச் சென்றன. 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை திறக்கப்பட்டபின், எவரும் தம் சொந்தக் காரிலேயே நிலத்தின் நுனி வரை செல்ல முடிகிறது.

சாலை வந்தது நன்றே. ஆயினும் அதன் இருமருங்கிலும் பழைய மணல் அப்படியே கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது சாலையின் மீதே ஏறிப் படிவதும் உண்டு. படம் எடுப்பதற்காகச் சாலையைவிட்டுச் சற்றே ஒதுக்கிய கார், திரும்பப் புறப்படும்போது அசைய மறுக்கிறது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். சக்கரம் சுழன்று குழி பறிக்கிறது. அச்சுவரை வண்டி இறங்கிவிடுகிறது. பொழுது சாயும் நேரம், பின்னிருக்கையில் குழந்தைகள், அருகே கடல். இந்நிலைக்கு ஆளாகுமுன் சில செய்திகளை அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

வண்டியை நகர்த்துவது எஞ்சின் மட்டுமன்று. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானமே அதனை முன்னே தள்ளுகிறது. டயர் தரையைத் தொடும் இடமோ நம் உள்ளங்கை அளவே. உலர்ந்த மணலின் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பதில்லை. ஆகவே சக்கரம் தள்ளும்போது அவை பின்னே நழுவுகின்றன. சிறிது ஈரம் இருந்தால் துகள்கள் ஒட்டி நிற்கும். அதனால்தான் நண்பகல் மணலைவிடக் காலை மணல் வண்டியைத் தாங்குகிறது. நீர் மிகுந்துவிட்டாலோ மணலே குழம்பாகிவிடும். உப்புப் பொருக்குப் படிந்து கெட்டித் தரைபோல் தோன்றும் இடங்களை நம்பவே கூடாது. பொருக்கின் கீழே சேறு காத்திருக்கும்.

வண்டி நகரவில்லை என்றவுடன், குற்றம் எங்கே என்பதை முதலில் தெளிய வேண்டும். எஞ்சின் இரைகிறது, சக்கரம் சுழலவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அது மெக்கானிக்கின் வேலை. சக்கரம் சுழன்றும் வண்டி நிற்கிறது என்றால் பிடிமானம் போயிற்று என்று பொருள். ஒருவர் இறங்கி, சக்கரத்தின் நேர் பின்னே நில்லாமல் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு பக்கச் சக்கரம் வெறிகொண்டு சுழல, மற்றது அசையாமல் நிற்பதைப் பலர் கண்டு வியந்திருப்பர். வளைவுகளில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும் என்பதற்காக வைத்த டிஃபரன்ஷியலின் குணம் இது. பிடிமானம் குறைந்த சக்கரம் ஏற்கும் விசைக்கு மேல் மற்றதற்கும் கிடைப்பதில்லை. அம்பாசிடர்போல் பின்சக்கரத்தால் ஓடும் பழைய வண்டிகளில், கைப்பிரேக்கை ஓரிரு பல் மட்டும் இழுத்துவைத்து மெல்லக் கிளப்பினால், சுழலும் சக்கரத்திற்குத் தடை ஏற்பட்டு மற்றதும் வேலை செய்யும். முன்சக்கரத்தால் ஓடும் இன்றைய கார்களில் இந்த உத்தி பலிக்காது.

புதிய கார்கள் பலவற்றில் சக்கரம் வழுக்குவதைத் தானே உணர்ந்து எஞ்சினின் விசையைக் குறைக்கும் கருவி உண்டு. மழைச் சாலையில் அது காவலன், ஆழமணலில் இடையூறு. அதனை நிறுத்தும் பொத்தான் இருந்தால், மணலில் மட்டும் நிறுத்திவைக்கலாம். அதன் விளக்கு மின்னி மின்னி மறைந்தால் கருவி இயங்குகிறது எனக் கொள்க. நல்ல சாலையிலும் அணையாமல் எரிந்தால், சக்கரத்தருகே உள்ள உணர்கருவியில் அழுக்கோ துருவோ ஏறியிருக்கக்கூடும். உப்புக் காற்று வீசும் ஊர்களில் இதனை முதலில் சோதிக்கச் சொல்வது தகும்.

இனி மீளும் வழி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. எல்லோரும் இறங்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையாலேனும் வாரிச் சரிவாக்குங்கள். வண்டியின் அடிப்பாகம் மணலில் அமர்ந்திருந்தால் அங்கும் வார வேண்டும். பிறகு டயரின் காற்றை இறக்குங்கள். வழக்கமாக 30 பவுண்டுக்குச் சற்று மேலே இருப்பதை 18 பவுண்டு அளவிற்குக் குறைத்தால், டயர் பரந்து படிந்து மணலை அழுத்தாமல் மிதிக்கும். எளிய இந்த வழியை விலையுயர்ந்த வண்டிகளை ஓட்டுவோரே பெரும்பாலும் அறியாதிருக்கின்றனர் என்பது நம் எண்ணம்.

நம் கடற்கரையில் பனைக்குப் பஞ்சமில்லை. விழுந்து கிடக்கும் காய்ந்த ஓலையோ, சாக்கோ, காரின் கால்மிதியோ சக்கரத்தின் அடியில் செருகினால் பிடிமானம் கிடைக்கும். சீமைக் கருவேலங் கிளையை மட்டும் தொடாதீர்கள். முள் டயரைப் பதம் பார்த்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்னோக்கியெனில் இரண்டாம் கியரிலும் பின்னோக்கியெனில் ரிவர்ஸ் கியரிலும் கிளட்சை மெதுவாக விட்டு, வந்த தடத்திலேயே நகருங்கள். கெட்டித் தரை சேரும்வரை நிறுத்த வேண்டாம். கயிறு கட்டி இழுப்பதானால், கயிறு அறுந்து தெறிக்கும் என்பதை எண்ணி, எவரும் அதன் அருகே நிற்கலாகாது.

ஆண் கடல், பெண் கடல் என்று இங்குள்ளோர் அழைக்கும் இரண்டும் அருகருகே இருக்கும் இடம் இது. நீர் விளிம்பை ஒட்டிச் சிக்கிய வண்டியை அலை அடிக்க அடிக்க மணல் இன்னும் விழுங்கும். நீர் ஏறுகிறது எனக் கண்டால், வண்டியை விட்டு மக்களை மேட்டிற்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

சாலைக்கு ஏறியதும் காற்றை மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் விரைந்து ஓடினால் அது சூடேறி வெடிக்கலாம். வளைவில் ரிம்மைவிட்டுக் கழன்றும் போகலாம். காற்று அடிக்கும் இடம் வரை மெதுவாகவே செல்க. டயரின் பட்டன்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதனை மாற்றிவிடுங்கள். மொட்டை டயர் மணலைவிட ஐப்பசி மழையின் ஈரச் சாலையில்தான் பெருங்கேடு செய்யும்.

வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். அன்றிரவு சமதளத்தில் முதல் கியரிலும், சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுத்தும் நிறுத்துவது நல்லது. உப்புநீர் பட்ட டிரம்மில் கைப்பிரேக் இழுத்தபடி கிடந்தால், காலையில் அது பிடித்துக்கொண்டு விட மறுக்கும்.