குழி வேண்டுமா, மேடு வை!

கிள்ளான் பக்கத்து மேருவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி மேருவைத்தான் பார்த்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பீங்கான் கைகள் ரப்பர் பாலில் முங்கி எழுவது அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், இரும்புக் கதவு பாதி ஏற்றியபடி கிடக்கும் சின்னச் சின்ன அச்சுப் பட்டறைகள் இருக்கின்றனவே, அதில் எனக்குத் தெரிந்த ஒன்றுக்குள் இன்று உங்களைக் கூட்டிப் போகிறேன். சனிக்கிழமை மதியம். கம்பெனி ஆர்டர் எல்லாம் முடிந்தாயிற்று. மேசை மேல் கிடப்பது உள்ளங்கை அளவில் ஓர் அலுமினிய அச்சு, ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் மீன் கண்கள். வேலை என்ன தெரியுமா? பிறவிக் குருடாக வந்துகொண்டிருந்த ஈய மீன்களுக்குக் கண்குழி வைப்பது!

தூண்டில் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிக் என்பது காரீயத்தில் வார்த்த குட்டி மீன். அதை அடிமட்டம் வரை இறக்கி, கோலைச் சுண்டிச் சுண்டி மேலே இழுத்தால் அடிபட்ட மீனைப் போலத் துடித்துக்கொண்டு ஏறும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பூலாவ் கெத்தாம் வரைக்குமான நீரில் நம்மாட்கள் தேடிப் போகும் சியாகாப், அதாவது நம் கொடுவா, பாறையோரத்து ஜெனாஹாக், மீசை நூல் தொங்கும் செனாங்கின், எல்லாமே உயிருள்ள இரையை விரட்டிப் பிடிப்பவை.

சரி, ஜிக்குக்குக் கண் எதற்கு? வேட்டை மீன்கள் பல, இரையைத் தலைப்பக்கமாகவே விழுங்கப் பார்க்கும். வாலிலிருந்து விழுங்கினால் செதிலும் முள்ளும் விரிந்து தொண்டையில் குத்தும். தலையிலிருந்து என்றால் எல்லாம் மடங்கிக் கொடுக்கும். தலை எங்கே என்று காட்டிக் கொடுப்பது கண். பட்டாம்பூச்சி மீன்களில் சில இனங்கள் வாலருகே பெரிய போலிக் கண்ணை வைத்துக்கொண்டு, உண்மைக் கண்ணைக் கறுப்புப் பட்டையில் மறைத்திருப்பது இதனால்தான் என்கிறார்கள் உயிரியலாளர்கள். கண்ணில்லாத ஜிக்கிலும் மீன் படும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பவளப் பாறையில் வாழும் மீனே கண்ணை இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும்போது நாம் ஏன் விட வேண்டும்?

கண்ணை அப்படியே கன்னத்தில் ஒட்டிவிடலாமே என்பீர்கள். ஒட்டலாம். முதல் கடியிலேயே விளிம்பில் பல் மாட்டி, கண் கடலோடு போய்விடும். குழிக்குள் உட்கார்ந்த கண்ணுக்கு அந்தப் பயம் இல்லை; சுற்றியுள்ள ஈயக் கரை அதைக் காக்கும். ஆகவே முழு விஷயமும் குழியில்தான் இருக்கிறது.

இப்போதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும் இடம் வருகிறது. அச்சில் எல்லாம் தலைகீழ். அச்சைத் தோண்டினால் வார்ப்பில் புடைப்பு வரும். வார்ப்பில் குழி வர வேண்டுமென்றால் அச்சில் ஒரு மேடு நிற்க வேண்டும். ஆனால் அச்சு ஏற்கெனவே தோண்டப்பட்ட அலுமினியம். தோண்டியதை எப்படித் திரும்ப நிரப்புவது? இங்கேதான் பட்டறைக்காரரின் மூளை. நிரப்பவே வேண்டாம். இன்னும் தோண்டு, முதுகுவரை துளை போடு, அந்தத் துளை வழியாக ஓர் எஃகு ஆணியை உள்ளே எட்டிப் பார்க்க விடு! எட்டிப் பார்க்கும் அந்த முனைதான் மேடு. ஈயம் அதைச் சுற்றி ஓடி உறையும். ஜிக்கை எடுத்தால் கன்னத்தில் வட்டமாகக் குழி.

இரண்டு கண்ணும் நேருக்கு நேர் வர வேண்டுமே. அதற்கு ஸ்கேலும் கோடும் வேண்டாம். பழைய அச்சிலேயே ஒரு ஜிக் வார்க்கிறார்கள், வழக்கமாக ஜிக்கின் ஊடே ஓடும் நடுக்கம்பி வைக்காமல். கம்பி இருந்தால் டிரில் அதில் பட்டு வழுக்கி ஓடும். இந்த வெற்று ஜிக்கில் கன்னம் எங்கே தட்டையாக இருக்கிறது என்று பார்த்து, அங்கே நேர்குத்தாக மெல்லிய துளை. பிறகு அதே ஜிக்கை அச்சின் இடது பாதியில் படுக்க வைத்து, துளை வழியே டிரிலை இறக்கி அலுமினியத்தில் குறி. திருப்பி வலது பாதியில் வைத்து இன்னொரு குறி. அச்சு பெற்ற பிள்ளையே அச்சுக்கு அளவுகோலாகிவிட்டது!

அந்த "நேர்குத்தாக" என்பதைக் கவனியுங்கள். மீனின் கன்னம் வளைவாக இருக்கிறதே என்று ஆணியையும் சாய்த்து வைத்தால் கதை கந்தல். அச்சு திறக்கும் திசையும் ஆணி நிற்கும் திசையும் ஒன்றாக இருந்தால்தான் ஜிக் கழன்று வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஜிக் ஆணியில் பூட்டிக்கொள்ளும், நெம்பி எடுத்தால் கன்னம் கிழியும்.

அளவுகள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. கண்ணுக்குத் துளை 4.5 மி.மீ. ஏன் இவ்வளவு தாராளம்? பெயின்ட் குழியின் சுவரிலும் ஏறும். இரண்டு பூச்சுக்குப் பிறகு இடம் சுருங்கிவிடும். முதுகுப் பக்கமிருந்து அதே துளையை 5 மி.மீ.க்கு அகலமாக்கி, உட்பக்கம் 2 மி.மீ. மட்டும் பழைய அளவில் விட்டு, எம்6 மரை வெட்டுகிறார்கள். ஆணியாக வருவது தலையில்லாத எம்6 கிரப் ஸ்க்ரூ; அதை லேத்தில் பிடித்து, நுனியை 4.45க்குக் கடைந்து, விளிம்பைத் துளி கூம்ப விடுகிறார்கள். அலுமினியம் வெட்டும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் டிரிலில் சீவல் ஒட்டாது. துளைக்கும் நுனிக்கும் இடையே இருக்கிற மயிரிழை இடைவெளியில் ஈயம் நுழையாது. ஆனால் உள்ளே சிக்கிய காற்று அது வழியே வெளியேறும். இது கூடுதல் வரம்.

ஆணியை இறுக்கி அடித்தால் போதாதா, மரை எதற்கு? நானும் இதைக் கேட்டேன். "சூடேறினா அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும்லா. அடிச்ச ஆணி தளர்ந்து ஈயத்தோட வெளிய வந்துடும்" என்றார் பட்டறைக்கார அண்ணன். மரையில் இன்னொரு சுகமும் உண்டு: கால் சுற்று திருகினால் குழியின் ஆழம் 0.25 மி.மீ. மாறும். 0.8 மி.மீ. ஆழத்தில் நிறுத்துகிறோம். தலை 6 மி.மீ. தடிமன் என்றால் இரண்டு பக்கமும் போக நடுவில் 4.4 மி.மீ. ஈயம் மிஞ்சும், கம்பிக்குத் தாராளமான இடம்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, உலோகம் வார்த்து, மண்ணச்சை உடைத்து எடுத்த பிறகே, கடைசியாகச் சிலைக்குக் கண் திறப்பார்கள். ஒவ்வொரு சிலைக்கும் ஓர் அச்சு, ஒரு கண் திறப்பு. மேருவில் அச்சுக்கே கண் திறந்துவிடுகிறோம். இனி அதில் பிறக்கும் அத்தனையும் கண்ணோடு பிறக்கும்!

சரி, வார்க்கலாம் வாருங்கள். மெழுகுவர்த்திப் புகையை அச்சின் உட்புறம் கறுப்பாகப் பிடிக்க வைக்கிறார்கள். ஈயம் வழுவழுவென ஓடவும் ஒட்டாமல் கழலவும் அந்தக் கரி போதும். காரீயம் 327 டிகிரியில் உருகும். டயர் கடையில் வாங்கிய பழைய சக்கர எடைகளில் துத்தநாகக் கட்டிகள் கலந்திருக்கும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். சட்டியை அதற்குக் கீழேயே வைத்திருந்தால் அவை உருகாமல் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். முதல் ஐந்தாறு ஜிக் சுருங்கிப் பாதியாகத்தான் வரும், அச்சு சூடேற வேண்டும். அதன் பிறகு... அச்சு திறக்கிறது, வெள்ளி மீன், இரு பக்கமும் கூர் விளிம்போடு வட்டக் குழி! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கத்தத் தோன்றுகிறது.

பவுடர் பெயின்ட் பூசி அடுப்பில் சுட்டு, ஆறிய பிறகுதான் கண். முன்கூட்டி வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும். மேலே ஒரு சொட்டு யூவி ரெசின், முடிந்தது.

காரீயம் பிடிக்காதவர்களுக்கு இந்த ஊர் மண்ணிலேயே பதில் இருக்கிறது. கோலாலம்பூர் வெள்ளீயத்தால் எழுந்த நகரம். 1885இல் தொடங்கிய ராயல் செலாங்கோர் இன்றும் செத்தாப்பாக்கில் வெள்ளீயக் கலவையில் பாத்திரம் வார்க்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், நஞ்சு பயம் குறைவு. எடைதான் குறையும்: 30 கிராம் காரீய ஜிக்கின் அச்சில் வெள்ளீயம் 19 கிராம் சொச்சமே பிடிக்கும். கரையோரம் மெதுவாக இறங்க வேண்டிய ஜிக்குக்கு அதுவே நல்லது. அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால் 1987இலேயே பிரிட்டன் சிறிய ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனையைத் தடை செய்தது. நாமும் அந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது என் ஆசை.

செய்து பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிள்ளான் மழைக்காலத்தில் அச்சிலும் பழைய ஈயத்திலும் ஈரம் பிடித்திருக்கும். ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டினால் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், சட்டியே முகத்தில் தெறிக்கும். அச்சைக் காயவைத்துச் சூடாக்குங்கள், கண்ணாடியும் தோல் கையுறையும் போடுங்கள், வீட்டுச் சமையலறையில் வேண்டவே வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொடுங்கள்.